பித்தப்பையை எடுத்த பிறகும் கல் வருமா?

என் சித்தி வீட்டு அலமாரியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பி இருந்தது. உள்ளே ஏழெட்டுக் கறுத்த கற்கள், நல்லமிளகை விடக் கொஞ்சம் பெரியவை. பித்தப்பை ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் கையில் கொடுத்து அனுப்பியது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார். இனி அந்த வலி இல்லை என்பதற்கு அவரிடம் இருந்த சாட்சி அதுதான்.

மூன்று வருடம் கழித்து ஓணத்துக்கு மறுநாள் ராத்திரி, மேல்வயிற்றில் அதே வலி. வலது தோள்பட்டை வரைக்கும் ஏறி, இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியது. நான்காவது நாள் கண் மஞ்சளித்திருந்தது. தக்கலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தநாளத்தில் கல் இருக்கும் போலிருக்கிறது என்றார்கள். சித்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: "மக்களே, பையதான் எடுத்துக் களஞ்சாச்சே. பின்ன கல்லு எங்க இருந்து வந்தது?"

அன்று எனக்குப் பதில் தெரியாது. ஆஸ்பத்திரியில் துணையிருந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதே கேள்வியோடு நிற்கிறவர்கள் நிறையப் பேர். முதல் ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லை என்ற கோபம் சிலருக்கு. கண் மஞ்சளித்தாலே காமாலைதான் என்று வேறு வழியில் போய் நாட்களைத் தொலைத்துவிடுகிறார்கள் சிலர். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

நாஞ்சில் நாட்டுக்காரருக்குப் பித்தத்தின் பாதையைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மலையிலிருந்து கால்வாய் இறங்கி வருகிறது. வழியில், பக்கவாட்டில் ஒரு குளம். கடைசியில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை. ஈரல்தான் மலை. அது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூடப் பித்தநீர் சுரக்கிறது. பித்தநாளம் கால்வாய். பித்தப்பை பக்கத்துக் குளம். அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். சாப்பாடு இல்லாத நேரத்தில் பித்தநீரைப் பிடித்துக் கெட்டியாக்கி வைத்திருந்து, எண்ணெயும் கொழுப்பும் உள்ளே போனதும் பிழிந்து விடுவது அதன் வேலை. நாளம் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு தசைவளையம் இருக்கிறது. அது மடை. கணையத்திலிருந்து வரும் குழாயும் அதே மடையில்தான் வந்து சேர்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

குளத்தைத் தூர்த்துவிட்டாலும் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பித்தப்பை ஆபரேஷனில் எடுப்பது குளத்தை மட்டும். ஈரலிலிருந்து குடல் வரைக்கும் போகும் நாளம் அப்படியே இருக்கும், பித்தநீர் குடலுக்குப் போக வழி வேண்டுமே. அந்த நாளத்தில் கல் கிடக்கலாம், புதிதாக உருவாகவும் செய்யலாம்.

கிடப்பது எப்படி? பித்தப்பைக் கல் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்கு நாளத்திலும் கல் இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தைய வயிற்று ஸ்கேன் பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை நன்றாகக் காட்டும். ஆனால் நாளத்தின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் குடல் இருக்கிறது. குடலில் இருக்கும் காற்று அந்த இடத்தை மறைத்துவிடும். ரத்தப் பரிசோதனையும் அந்த நேரம் சரியாக இருந்துவிட்டால், நாளத்தில் கல் இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகமே வராது. பையை எடுக்கும் நேரத்தில் ஒரு சிறு கல் நாளத்துக்குள் நழுவிப் போவதும் உண்டு. ஆக, பின்னால் கல் தெரிந்தது என்பதை மட்டும் வைத்து முதல் டாக்டர்மேல் பழி போட முடியாது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடத்துக்குள் தெரியும் கல்லை, அப்போதே தங்கிப்போன கல் என்று பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் போனால் நாளத்திலேயே புதிதாக உருவானதாக இருக்கலாம். நாளத்தில் உருவாகும் கல் பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, விரலால் நசுக்கினால் உதிரும். பித்தநீர் தேங்கி, குடலிலிருந்து கிருமி ஏறும் இடத்தில்தான் அது வளரும். மடை சரியாகத் திறக்காவிட்டால் கால்வாயில் சகதி படிகிற மாதிரி. அப்புறம், பையை நாளத்தோடு இணைக்கும் சிறு குழாயின் மீதித் துண்டிலும் கல் இருக்கலாம். அந்தக் குழாயைக் கட்டப் போட்ட உலோகக் கிளிப் வருடங்கள் கழித்து நாளத்துக்குள் நகர்ந்து, அதைச் சுற்றிக் கல் படிந்ததும் உண்டு. அது மிக அபூர்வம்.

இனி அறிகுறிகள். மேல்வயிற்று நடுவிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, கண்ணில் மஞ்சள், குளிரோடு நடுக்கிக்கொண்டு வரும் காய்ச்சல். மூன்றும் சேர்ந்து வந்தால் நாளம் அடைத்து உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஷார்கோ 1877 இல் இதை எழுதி வைத்தார், இன்றும் அந்த மூன்றை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். இதோடு ரத்த அழுத்தம் இறங்கி ஆள் பிதற்ற ஆரம்பித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைத்த நாளத்தில் அழுத்தம் ஏற ஏற, கிருமி பின்னோக்கி ஈரல் வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சில மணி நேரத்திலேயே நிலைமை மாறிவிடும்.

நம் ஊரில் கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லிதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வைத்தியர்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு, அதைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. வைரஸ் கிருமியால் வரும் காமாலையில் பெரும்பாலோருக்கு ஈரல் சில வாரங்களில் தானாகவே தேறிவிடும். ஓய்வும் பத்தியமும் அந்தக் காலத்தைக் கடக்க உதவும். ஆனால் கல் அடைத்து வரும் மஞ்சளில் ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது. போகும் வழிதான் அடைத்திருக்கிறது. எந்த இலைச் சாறும் அந்தக் கல்லை நகர்த்தாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே சில அடையாளங்கள் உண்டு: கல் அடைப்பில் உடம்பெல்லாம் அரிப்பும் வெளிறிய களிமண் நிற மலமும் அதிகம் காணும். கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் மூத்திரம் போவது இரண்டிலும் வரலாம். கல் மஞ்சளுக்கு இன்னொரு குணமும் உண்டு. கல் மடையில் சிக்கும்போது மஞ்சள் கூடும், கொஞ்சம் விலகினால் குறையும். சித்திக்கு அப்படித்தான் ஐந்தாம் நாள் குறைந்தது. மருந்து பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எட்டாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. பித்தப்பையை எடுத்த ஒருவருக்கு எத்தனை வருடம் கழித்து மஞ்சள் வந்தாலும் முதல் நாளே ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட வேண்டும். இந்த ஒன்றில் எனக்குச் சமரசமே கிடையாது.

வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் போகாதா என்றும் கேட்கிறார்கள். அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்வது. பித்தக் கல்லின் பாதை வேறு, கல்லும் வேறு. கல் கரையும் மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, பித்தப்பைக்குள் இருக்கும் சிறிய கொழுப்புக் கற்களில் சிலது அதில் கரையும். தென்னிந்தியாவில் அதிகம் காண்பதோ பித்தத்தின் நிறப்பொருள் படிந்து உண்டாகும் நிறமிக் கற்கள். அவை அந்த மாத்திரைக்குக் கரைவதில்லை.

பித்தத்தின் வழி அடைத்தால் ரத்தத்தில் கூடுகிற பிலிருபினும் அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தால், அடுத்து எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. படம். ஊசி மருந்து எதுவும் ஏற்றாமலே பித்தநாளத்தை முழுக்க வரைந்து காட்டும். மிகச் சிறிய கல்லை அது தவறவிடலாம். அந்தச் சந்தேகம் இருந்தால், எண்டோஸ்கோப் என்ற, வாய் வழியாக உள்ளே விடும் கேமராக் குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி வைத்த இன்னொரு பரிசோதனை உண்டு. பித்தப்பை எடுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நாளம் இயல்பாகவே கொஞ்சம் விரிந்திருக்கும். 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 10 வரைகூடப் போகலாம். ஆகவே ரிப்போர்ட்டில் 'நாளம் விரிந்துள்ளது' என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கல் உறுதியானால், இன்றைய சிகிச்சை இ.ஆர்.சி.பி. வாய் வழியாகப் போய்க் கல்லை எடுப்பது. ஒரு காலத்தில் இதற்கு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. நாளத்தைக் கீறி, கல்லை எடுத்து, 'டி' வடிவ ரப்பர் குழாய் ஒன்றை வைத்து மூடி, பித்தநீர் வெளியே ஒரு பைக்குள் வடிந்துகொண்டிருக்க நாட்கணக்கில் படுத்திருப்பார்கள். 1968 இல் அமெரிக்காவில் மெக்யூன் என்பவரின் குழு எண்டோஸ்கோப் வழியாக அந்த மடைக்குள் முதன்முதலாகக் குழாய் செலுத்தியது. 1974 இல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும், தனித்தனியாக, மடையின் தசையை உள்ளிருந்தே வெட்டித் திறக்கும் முறையைக் காட்டினார்கள். வயிற்றில் கத்தி படாமல் நாளத்துக் கல்லை எடுக்கலாம் என்றானது அந்த வருடத்தில்தான். பித்தப்பையைச் சிறு துளைகள் வழியாக எடுக்கும் முறையே அதற்குப் பின்னால் 1985 இல் வந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. மயக்க டாக்டர் ஊசி போட்டு ஆழ்ந்து தூங்க வைப்பார். பெரும்பாலும் குப்புறப் படுக்க வைப்பார்கள். உள்ளே போகும் குழாய் சுண்டுவிரல் பருமன் இருக்கும். சாதாரண எண்டோஸ்கோப்புக்கு நுனியில் கண். இதற்குப் பக்கவாட்டில் கண், ஏனென்றால் மடை முன்சிறுகுடலின் பக்கச் சுவரில், ஒரு முலைக்காம்பு போலத் துருத்திக்கொண்டு இருக்கிறது. அதன் துளைக்குள் முடிபோன்ற ஒரு கம்பியை நுழைக்க வேண்டும். முழு வேலையிலும் கஷ்டமான இடம் இதுதான் என்றார் டாக்டர். ஒரே மடையில் கணையக் குழாயும் இருக்கிறது இல்லையா, கம்பி அதற்குள் போய்விடக் கூடாது.

கம்பி சரியான நாளத்துக்குள் போனதும் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். வெள்ளைத் தடத்துக்குள் கல் கறுப்பாகத் தெரியும். பிறகு மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் மடைத் தசையைக் கொஞ்சம் வெட்டித் திறப்பார்கள். அதன் வழியாகச் சின்ன பலூனைக் கல்லுக்கு மேலே கொண்டுபோய் ஊதி, கீழ்நோக்கி இழுத்தால் கல் குடலுக்குள் விழும். சில கல்லுக்குக் கம்பிக் கூடை போட்டுப் பிடிப்பார்கள். விழுந்த கல் மலத்தோடு போய்விடும். மயக்கம் தெளிந்ததும் சித்தி முதலில் கேட்டது, "கல்லத் தரலியா?" முதல் ஆபரேஷனில் டப்பியில் கொடுத்தார்களே, இதில் காட்ட ஒன்றும் இல்லையே என்று அவருக்கு ஒரு மனக்குறை.

பெரும்பாலானவர்களுக்கு ஒரே தடவையில் கல் வந்துவிடும். 15 மில்லிமீட்டருக்கு மேல் போன கல், அல்லது கீழ் நாளத்தைவிட அகலமான கல் என்றால் சிரமம். அப்போது பெரிய பலூனால் மடையை விரிப்பார்கள், அல்லது கூடைக்குள்ளேயே கல்லை நெரித்து உடைப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் நாளத்துக்குள்ளேயே மெல்லிய கேமரா விட்டு லேசரால் உடைக்கும் வசதி பெரிய ஊர்களில் இருக்கிறது. சித்திக்கு இரண்டு கல். ஒன்று வந்தது, மற்றொன்று வரவில்லை. காய்ச்சல் இருந்ததால் நேரத்தை இழுக்காமல், பித்தநீர் போவதற்கு ஸ்டென்ட் என்ற சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துவிட்டு, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அதைத் தோல்வி என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் சீழ் பிடித்த நேரத்தில் முதல் வேலை அடைப்பைத் திறந்துவிடுவதுதான், கல் அப்புறம்.

இந்த ஸ்டென்ட் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். பித்தநாளத்துப் பிளாஸ்டிக் ஸ்டென்ட் அப்படி அல்ல. சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே சகதி அடைத்து மறுபடி காமாலை வரும், காய்ச்சல் வரும், ஸ்டென்டைச் சுற்றியே கல் வளர்ந்துவிடும். நம் மாவட்டத்தில் இது எளிதாக நடக்கக்கூடியது. ஸ்டென்ட் வைத்த பதினைந்தாம் நாள் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடல் போகிறவர்கள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. வலி இல்லை, மஞ்சள் இல்லை, உள்ளே ஒன்று இருப்பதே மறந்துபோகும். எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போட்ட இடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கடும் காய்ச்சலோடுதான் அது வெளியே வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி இரண்டும் எழுதியிருக்கிறதா என்று படுக்கையை விட்டு இறங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முக்கியமானது கணைய அழற்சி. மடையைத் தொட்டதால் பக்கத்துக் கணையக் குழாயின் வாய் வீங்கி அடைத்துக்கொள்வதால் வருவது. நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்துப் பேருக்கு வரை இது வரலாம், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், சிலருக்கு மோசமாகும். இதைக் குறைக்க ஆசனவாயில் இண்டோமெதாசினோ டைக்ளோஃபெனாக்கோ மருந்து வைப்பார்கள். எளிய வழி, ஆனால் பலன் நிரூபிக்கப்பட்டது. அன்று ராத்திரி முதுகுக்குப் பாயும் வயிற்று வலி வந்தால் வாயுக் கோளாறு என்று சமாளிக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வெட்டிய இடத்தில் ரத்தம் கசியலாம், அது சில நாள் கழித்தும் வரலாம், மலம் தார் போலக் கறுத்தால் அதுதான். குடலில் துளை விழுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

ரத்தக் கசிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது இல்லாமல் ரத்தம் உறையாது. அதனால்தான் சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து, தேவையென்றால் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் குடல் டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். தென் திருவிதாங்கூர் என்று அன்று சொன்ன இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் முன்சிறுகுடல் புண் மிகவும் அதிகமாக இருந்தது. 1922 லும் 1924 லும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். அவர் இந்தப் புண்ணுக்கு நிறைய ஆபரேஷன்கள் செய்தார். அந்தப் புண்ணுக்கு நல்ல மாத்திரைகள் வரும் வரை, அவருக்குப் பின்னும் பல வருடம், இரைப்பையைக் குடலோடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் நடந்தது. அன்று செய்துகொண்டவர்கள் சிலர் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பித்தநாளத்தில் கல் வந்தால், தைத்த விதத்தைப் பொறுத்து குழாய் போகும் வழியே மாறியிருக்கலாம், மடையை எதிர்த்திசையிலிருந்து அணுக வேண்டியிருக்கலாம். சில நேரம் இ.ஆர்.சி.பி. முடியாமல் தோல் வழியாகவோ அறுவை சிகிச்சையாகவோ செய்ய வேண்டிவரும். ஆகவே வீட்டுப் பெரியவர் வயிற்றின் நடுவில் பழைய நீளத் தழும்பு இருந்தால், எதற்காக என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய சீட்டு கிடைத்தால் தங்கம்.

எங்கே போவது? குடல் நோய் நிபுணர், எக்ஸ்ரே வசதியுள்ள எண்டோஸ்கோபி அறை, மயக்க டாக்டர் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். நம்மவர்கள் நாகர்கோவிலில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ மதுரையோ போகிறார்கள். இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்கிற கை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள், மற்றது அப்புறம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், குறிப்பாக எல்லை தாண்டிப் போகும் முன், அந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கையில் முதல் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டும் பழைய ஸ்கேன் படங்களும் இருக்கட்டும். குளிர்காய்ச்சல் இருந்தால் மட்டும் இந்த விசாரணையெல்லாம் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி மருந்து ஏறட்டும், அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு சாப்பாட்டில் பெரிய விலக்கு ஒன்றும் கிடையாது. முதல் நாள் நீராகாரம், பிறகு கஞ்சி, அப்புறம் வழக்கமான சாப்பாடு. மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிடலாமா என்று சித்தி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மறுபடி கல் வருமா என்றால், சிலருக்கு வரும். நாளம் மிகவும் விரிந்தவர்கள், மடைக்குப் பக்கத்தில் குடல் பை போலப் பிதுங்கியிருப்பவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வந்தாலும் மடை ஏற்கெனவே திறந்திருப்பதால் அடுத்த முறை எடுப்பது பெரும்பாலும் சுலபம்.

எட்டு வாரம் கழித்துப் போனபோது மீதிக் கல்லை உடைத்து எடுத்து, ஸ்டென்டையும் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்த ரத்தம் சரியாக இருந்தது. அலமாரியில் டப்பி இப்போதும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இரண்டு டிஸ்சார்ஜ் சீட்டுகளும், மஞ்சள் வந்தால் முதல் நாளே கூப்பிட வேண்டிய டாக்டர் நம்பரும் வைத்திருக்கிறார்.